இரண்டாவது கியர்

2024 பெப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை, அதிகாலை 5.40 மணி. வரிப்பத்தான்சேனைக்கு மேற்கே, வாய்க்கால் கட்டில், சாய்ந்தமருதைச் சேர்ந்த மீராசாஹிபு (வயது 61) காட்டு யானை தாக்கி உயிரிழந்தார். உடலுக்கு இருபது அடி தள்ளி அவருடைய மோட்டார் சைக்கிள் சரிந்து கிடந்தது. சாவி திறந்தபடி இருந்தது.

ஒன்பது நாள் கழித்து, வியாழக்கிழமை காலை, ஸுலைஹா அவருடைய வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள். பொலிஸில் இருபத்தெட்டு வருடம் இருந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றவள். இப்போது கல்முனையில் அவளைத் தேடி வருகிற வேலை பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரிப்புத்தான். பையன் கட்டாரில் உண்மையிலேயே சுப்பர்வைசரா, முதல் தாரம் ஏதும் உண்டா, சிகரெட்டோடு நிற்குமா வேறும் உண்டா என்று பெண் வீட்டார் கேட்பார்கள். மௌத்து ஒன்றை விசாரிக்கச் சொல்லி இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

பின்னால் கருவிப் பையோடு பர்ஹான் வந்தான். அவள் காக்கா என்று கூப்பிடுகிற அண்ணனின் மகன், முப்பத்தொரு வயது. கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள் வயரிங் கடை வைத்திருக்கிறான். கடையில் வேலை இல்லாத நாளில் மாமியோடு சுற்றுவான். வேலை இருக்கிற நாளிலும் சுற்றுவான்.

“மாமி, இண்டைக்கு மாப்பிள்ளை யாரு?”

“மாப்பிள்ளை இல்ல. பைக்.”

“அல்ஹம்துலில்லாஹ். பைக்குக்கு உம்மா வாப்பா கிடையா. இல்லாததையும் பொல்லாததையும் சொல்லி ஏமாத்த ஆளில்ல.”

“வாயை வெளிய வெச்சிட்டு வா. இத்தா வீடு.”

வாயை வெளியே வைக்க வேண்டிய தேவை வரவில்லை. அவனையே வெளியில்தான் நிறுத்தினார்கள். மீராசாஹிபுவின் மனைவி ஆசியா உம்மா கணவன் இறந்த நாளிலிருந்து இத்தாவில் இருந்தார். நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண் யாரும் அவரைப் பார்க்கக் கூடாது. அதனால்தான் ஊரில் இருக்கிற ஆண்களை விட்டுவிட்டு ஸுலைஹாவைக் கூப்பிட்டிருந்தார். பர்ஹான் வளவில் நின்ற மோட்டார் சைக்கிளிடம் போனான். ஸுலைஹா திரையை விலக்கி உள்ளே போனாள்.

ஜன்னலுக்கும் துணி போட்டிருந்தார்கள். வெள்ளைச் சேலையோடு பாயில் இருந்த ஆசியா உம்மா, இருக்கச் சொல்லிக் கை காட்டினார். முகமன் எதுவும் கதைக்கவில்லை.

“புள்ள, நான் ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன். அவர் தப்பப் பாத்தாரா? இல்ல, வாறது வரட்டும் எண்டு நிண்டாரா?”

“ஏன் அப்பிடிக் கேக்கிறீங்க?”

“ஊர் கேக்குது. மௌத்தாகி ஏழாம் நாள் ஓதின கத்தத்துக்கு வந்த ஒராள் வளவுக்க அந்த பைக்க உதைச்சிப் பாத்திரிக்கார். ஒரே உதை, ஸ்டார்ட். மறுகா அதுதான் கதை. ஓடுற பைக்க வெச்சிக்கிட்டு மனுசன் என்னத்துக்கு நடந்து யானைக்கு முன்னால போனார், தானாப் போய் நிண்டிரிக்கார் எண்டு. என்ட காதுபடவே கதைக்கிறாங்க. திரைக்கு அங்கால நிண்டா எனக்குக் கேக்காது எண்டு நினைப்பு.”

“வீட்டில ஏதும் மனஸ்தாபமா?”



“ஒரு கடா. குட்டியிலிருந்து நான் வளத்த கடா. வயல் வட்டைக்காரர் எல்லாரும் சேர்ந்து குடுக்கிற கந்தூரிச் சாப்பாட்டுக்கு, என்னைக் கேக்காமப் புடிச்சிக் குடுத்திட்டார். நான் அவரோட கதைக்கல்ல.”

“எத்தினை நாள்?”

“ஞாயிறு, திங்கள்.”

ஸுலைஹா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எல்லாக் கேள்வியையும் இரண்டு தரம் கேட்பது அவளுடைய பொலிஸ் பழக்கம். இந்தக் கேள்வியை இரண்டாம் தரம் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

வளவில் பர்ஹான் மோட்டார் சைக்கிளின் முன்னால் குந்தியிருந்தான். ஜப்பானிலிருந்து வந்த பழைய நூற்றி இருபத்தைந்து. பெற்றோல் தாங்கியின் பச்சை மங்கி, மூடியைச் சுற்றித் துரு ஏறியிருந்தது.

“என்னை விட மூத்தவர் மாமி. எழும்பி நிண்டு மரியாதை செஞ்சிட்டுத்தான் தொட்டன்.”

“ஆளுக்கு என்ன வருத்தம்?”

“அதுதானே விசியம். ஒரு வருத்தமும் இல்ல.” சாவியைத் திறந்தான். நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்தது. ஹோர்னை அமத்தினான். வேலியில் இருந்த காகம் பறந்தது. ஒரு உதை உதைத்தான். இன்ஜின் இருமலே இல்லாமல் ஓடத் தொடங்கியது. அதை நிறுத்திப் பிளக்கைக் கழற்றி, இன்ஜின் உடம்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி உதைத்தான். பிளக்கின் நுனியில் நீலமாக நெருப்புத் தெறித்தது.

“பாத்தீங்களா? இந்த பைக்குக்கு நீங்க பொண்ணு பாக்கலாம்.”

“அப்ப ஊர் சொல்றது சரி.”

“அவசரப்படாதீங்க. இந்தக் காலத்துப் பைக் எண்டா, பற்றறி செத்தாலும் உதைச்சி எடுத்திரலாம். இவர் அப்பிடி இல்ல. இவருக்குப் பிளக்குக்கு நெருப்பு பற்றறியில இருந்துதான் போகணும். பற்றறி செத்தா, நீங்க விடிய விடிய உதைச்சாலும் அசைய மாட்டார். அதால நான் முதல்ல பற்றறியத்தான் பாத்தன். இஞ்ச வாங்க.”

பக்க மூடியில் நாலு திருகாணி. மற்ற எல்லாத் திருகாணியும் துருப்பிடித்துக் கறுத்திருக்க, இந்த நாலின் தலைகளும் புதிதாகச் சுரண்டப்பட்டுப் பளபளத்தன. மூடியைக் கழற்றினான். உள்ளே இருந்த பற்றறி நல்லது, போன வருடம் வாங்கியது. அதன் பக்கத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. உப்புக்கு நடுவில், நகத்தளவு, கண்ணாடி போல ஒன்று ஒட்டியிருந்தது. பர்ஹான் அதைத் திருகாணிச் சாவியின் நுனியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தான்.

“மீன் செதிள்,” என்றாள் ஸுலைஹா.

“வட்டைக்குப் போற பைக். நெல்லு இரிந்தா விளங்கும். வைக்கல் இரிந்தா விளங்கும். இந்தப் பற்றறி கடலுக்குப் போய் வந்திரிக்கி மாமி.”

இடுப்பில் பிள்ளையோடு நஸ்லின் இரண்டு கோப்பை இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்தாள். மீராசாஹிபுவின் ஒரே மகள், இருபத்தேழு வயது. கல்யாணமானதும் இந்தப் பக்கத்து வழக்கப்படி அவள் தாய் வீட்டிலேயே இருந்தாள். மாப்பிள்ளைதான் இங்கே வந்தான்.

“பைக்கப் பொலிஸில இரிந்து யார் மகள் கொண்டு வந்தது?” ஸுலைஹா கேட்டாள்.

“இவர்தான். ஸஹீத். மையித்து அடக்கி அடுத்த நாள், புதன் பின்னேரம்.”

“ஓட்டிக்கிட்டா?”

“இல்ல. லேண்ட்மாஸ்டர் ட்ராக்டர்ட ட்ரெய்லர்ல ஏத்தி.”

“ஸஹீத் என்ன தொழில்?”

“கடல்.”

பர்ஹான் தேத்தண்ணியை ஊதுவது போல முகத்தைக் கோப்பைக்குள் வைத்துக்கொண்டான்.

“ஆள் இப்ப எங்க?”

நஸ்லின் பிள்ளையின் சட்டையைச் சரி செய்தாள். அது ஏற்கனவே சரியாகத்தான் இருந்தது. “கடக்கரை மீன் வாடியில. ஏழாம் கத்தத்தண்டைக்கு எழும்பிப் போனவர். மூண்டு நாளாச்சி, வீட்டுக்கு வரல்ல. போனும் எடுக்கிறாரில்ல.”

அவள் உள்ளே போன பிறகு பர்ஹான் குரலைத் தாழ்த்தினான்.

“மாமி, பைக்க ட்ரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போறது ரெண்டு பேர். ஒராள் களவெடுக்கிறவர். மத்த ஆள் ஸ்டார்ட் பண்ண ஏலாதவர். பொலிஸ் ஸ்டேஷன்ல இருந்து களவெடுக்கிற அளவுக்கு நம்மட ஊர் இன்னும் முன்னேறல்ல.”

“அப்ப புதன்கிழமை இது ஸ்டார்ட் ஆகல்ல.”

“கத்தத்தண்டைக்கு ஸ்டார்ட் ஆகிரிக்கி. நடுவுல ஆரோ உசிர் குடுத்திரிக்காங்க.”

“கடலுக்கு நாளைக்கும் போகலாம். முதல்ல வட்டைக்குப் போவம்,” என்றாள் ஸுலைஹா. “அவர் எப்பிடிச் செத்தார் எண்டு தெரியாம, ஆர் செஞ்சது எண்டு கேக்கக் கூடாது.”

பர்ஹானின் மோட்டார் சைக்கிளில் காரைதீவு, மாவடிப்பள்ளி, சம்மாந்துறை என்று போனார்கள். இரு பக்கமும் பெரும்போக நெல் பழுத்துத் தலை சாய்ந்து நின்றது. இன்னும் இரண்டு வாரத்தில் வெட்டலாம். யானையும் மனிதனைப் போலத்தான், பழுத்த பிறகுதான் வரும்.

வட்டவிதானை இப்றாஹிம் வாய்க்கால் கட்டில் காத்திருந்தார். அந்த வயல் வெளிக்குத் தண்ணீர் பங்கிடுகிறவர். மீராசாஹிபுவை முதலில் கண்டவரும் அவர்தான். அறுபதைத் தாண்டிய வயது, கையில் மண்வெட்டி. அதை ஊன்றிக்கொண்டே கதைத்தார்.

“யானை போனதுக்குப் பிறகுதான் நாங்க வந்த. நாலஞ்சு பேர். அவர்ட முகத்தை நான்தான் மூடின.”

“பைக் எப்பிடிக் கிடந்திச்சு?”

“அந்தா, அந்த மருத மரத்துக்கு நேரா. சரிஞ்சி. ஆம்புலன்ஸ் வர வழி வேணும் எண்டு நான் நிமித்தி உருட்டப் பாத்தன். உருளுதில்ல. பின் சில்லு இறுகிப் போச்சி.”

“இறுகிப் போச்சா?”

“ஓம். பொலிஸ்காரன் வந்து காலால தட்டிப் பாத்திட்டு, கியர்ல கிடக்கு எண்டான். ரெண்டாவது கியர்.”

“ரெண்டாவது?” ஸுலைஹா தன் பழக்கப்படி மறுபடி கேட்டாள். “சரியா ஞாபகமா?”

“ரெண்டு தட்டுத் தட்டி நியூட்ரலுக்கு எடுத்தான் எண்டு நினைக்கிறன். ரெண்டு எண்டு வாயால சொன்னது சரியா ஞாபகம். ஏன்?”

ஸுலைஹா பர்ஹானைப் பார்த்தாள். அவன் ஒரு பகிடியும் விடாமல் கட்டு நீளத்துக்கும் பார்த்துக்கொண்டு நின்றான்.

“காக்கா,” என்றான் இப்றாஹிமிடம், “நிலத்தில அடையாளம் ஏதும் இரிந்திச்சா? சில்லு இழுபட்ட மாதிரி?”

“இரிந்திச்சி. மூண்டு இடத்தில. அவர் ராக்காவல் இரிந்த அந்தப் பரண் கிட்ட ஒண்டு, நடுவுல ஒண்டு, மருதுக்குக் கிட்ட ஒண்டு. பின் சில்லு மண்ணைக் கீறின கீறல். யானை தள்ளினது எண்டுதான் நாங்க நினைச்ச.”

“யானை மூண்டு தரம் அளந்து தள்ளாது.” பர்ஹான் ஸுலைஹாவின் பக்கம் திரும்பினான். “ஸ்டார்ட் ஆகாத பைக்கைத் தள்ளி எடுக்கிறது மாமி. முதல் கியர்ல தள்ளினா சில்லு இறுகிரும். மேல போனா பலம் பத்தாது. ரெண்டுல போட்டு, கிளச்சப் புடிச்சி, ஓடி, ஓட்டத்தில கிளச்ச விடணும். புடிச்சா இன்ஜின் எழும்பும். புடிக்காட்டி பின் சில்லு நிலத்தைக் கீறிட்டு நிக்கும். மறுகா திரும்பக் கிளச்சப் புடிச்சி ஓடணும்.” அவன் பரண், நடு, மரம் என்று விரலால் காட்டினான். “மூண்டு தரம் ஓடிரிக்கார். அறுபத்தொரு வயசில.”

மருத மரத்துக்குக் கீழே மண் வெறுமையாக இருந்தது. இடையில் ஒரு நாள் மழை பெய்திருந்தது.

கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. சாக நினைக்கிறவன் இரண்டாவது கியர் போட மாட்டான். இத்தோடு திரும்பியிருக்கலாம். ஆனால் ‘ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று ஊர் அடுத்து கேட்கும். ஆசியா உம்மாவும் கேட்பார். ஸுலைஹா பரணைப் பார்த்தாள். நாலு கம்பு, கிடுகுக் கூரை. கூரையிலிருந்து ஒரு சிறிய பல்ப் தொங்கியது. அதிலிருந்து இறங்கிய வயரின் நுனியில் இரண்டு கவ்விகள்.

“இது?”

“காவல் லைட்,” என்றார் இப்றாஹிம். “இஞ்ச எல்லாரும் அப்பிடித்தான். பைக்கப் பரணுக்குக் கீழ நிப்பாட்டி, பக்க மூடியக் கழட்டி, பற்றறியில கவ்வி விடுற. வெளிச்சம் இரிந்தா யானை கொஞ்சம் தயங்கும். நல்ல பற்றறிக்கு இந்தப் பல்ப் ஒரு பாரமே இல்ல. மீராசாஹிபு எத்தினையோ போகமாக் கொழுவினவர். ஒரு நாளும் விடிய உதைக்காமப் போனதில்ல.”

பர்ஹான் ஒரு கவ்வியைத் திறந்து மூடினான். “அப்ப அண்டைக்கு இதில கொழுவினது நல்ல பற்றறி இல்ல.”

சாய்ந்தமருதுக் கடற்கரையில் ஸஹீத் வாடிக்குள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். மூன்று நாள் சவரம் இல்லை. ஸுலைஹா கைலேஞ்சியை விரித்து, செதிளை அவன் முன்னால் வைத்தாள்.

“மாமாட பற்றறியில ஒட்டியிருந்திச்சு மகன்.”

அவன் அதைப் பார்த்தான். மறுக்கப் போகிறான் என்று பர்ஹான் நினைத்தான். ஸஹீத் எழுந்து போய், வலைக் குவியலுக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றிய ஒரு பழைய பற்றறியைக் கொண்டுவந்து செதிளுக்குப் பக்கத்தில் வைத்தான்.

“வலைக்கு அடையாள லைட் போடுறது இதிலதான். இதில சார்ஜ் நிக்குதில்ல. ரெண்டு கிழமை கடல் அடிச்சி, அந்தத் திங்கக்கிழமைதான் அடங்கிச்சு. அஸர் தொழுகைக்கு மாமா பள்ளிக்குப் போன நேரம் அவர்ட பற்றறியக் கழட்டி எடுத்தன். இதை அதில மாட்டினன். ஓட்டத்துக்கு இது காணும். பல்ப் கொழுவினாத்தான் தாங்காது. விடியக் கரைக்கு வந்த உடன மாத்தலாம் எண்டு.”

“கேக்கிறதுக்கென்ன?”

ஸஹீத் அவளை நிமிர்ந்து பார்த்தான். “மாமாக்கிட்டயா?”

ஸுலைஹாவுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. மாமாவும் மருமகனும் ஒரே வளவுக்குள் வருடக்கணக்காக இருப்பார்கள். மாமா வந்தால் மருமகன் எழும்புவான். மருமகன் சாப்பிட இருந்தால் மாமா அந்தப் பக்கம் வரமாட்டார். மரியாதை முழுக்க இருக்கும், கதை இருக்காது. சொல்ல வேண்டியது எதுவானாலும் நடுவில் இருக்கிற பெண்களின் வாயால்தான் போய்வரும்.

“சொல்லாம விடல்ல,” என்றான் ஸஹீத். “நஸ்லின்கிட்டச் சொன்னன். வாப்பாக்கிட்டச் சொல்லு, இண்டைக்கு மட்டும் பரண் லைட்ட பைக்கில கொழுவ வேணாம், பற்றறி என்டது எண்டு. ரெண்டு தரம் சொன்னன். காலையில கரைக்கு வந்தா, ஆக்கள் என்ட முகத்தைப் பாத்து ஒண்டும் சொல்றாங்க இல்ல.”

பர்ஹான் பழைய பற்றறியைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினான். மீற்றரை வைத்துப் பார்த்தான். முள் அசையவில்லை. இரண்டு முனையிலும் ஈயம் புதிதாகச் சுரண்டப்பட்டு வெள்ளி போல மினுங்கியது.

“இதை நீ சுரண்டினயா?”

“இல்ல. எடுக்கக்குள்ளயே அப்பிடித்தான் இரிந்திச்சு.”

“அப்ப அவர்தான். பிடி ஊத்தை எண்டு நினைச்சி, கத்தியால சுரண்டித் திரும்ப மாட்டிரிக்கார்.” பர்ஹான் பற்றறியை மெதுவாகக் கீழே வைத்தான். “எந்த வயர்மேனும் அதைத்தான் முதல்ல செய்வான். ஒரு பிழையும் விடல்ல மனுசன்.”

“நல்ல பற்றறியத் திரும்ப ஏன் மாட்டின?” ஸுலைஹா கேட்டாள்.

“பைக் வீட்டுக்கு வந்த ராவு. அவர்ட சாமான் அவர்ட பைக்கில இரிக்கட்டும் எண்டு. எனக்கு வேற ஒண்டும் செய்யத் தெரியல்ல.” அவன் வலையை மடியிலிருந்து தள்ளி வைத்தான். “கத்தத்துக்கு வந்த அந்தாள் உதைச்சி, அது ஸ்டார்ட் ஆகக்குள்ள நான் வாசல்ல நிண்டன். அவர் சொன்னதையும் கேட்டன். ‘ஓடுற பைக்க வெச்சிக்கிட்டு’ எண்டு. ஓட வெச்சது நான். இனி அந்த வீட்டுக்க நான் எப்பிடிப் போற? நஸ்லின் சொல்ல மறந்திரிக்கா. அதை அவக்கிட்டக் கேட்டா, அவ உசிரோட இரிக்க மாட்டா. கேக்காம அவட முகத்தைப் பாக்கவும் ஏலா.”

திரும்பி வந்து, வீட்டு வேலியருகே மோட்டார் சைக்கிளை நிறுத்தியதும் பர்ஹான் கேட்டான்.

“மாமி, இதில குத்தவாளி ஆரு?”

“நீ இஞ்சயே நில்லு,” என்றாள் ஸுலைஹா.

நஸ்லின் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளை நித்திரை. ஸுலைஹா அவளைச் சுற்றி வளைக்கவில்லை. பரண் லைட் என்று மட்டும் சொன்னாள். நஸ்லினின் கை தண்ணீருக்குள் அப்படியே நின்றது.

“அவர் சொல்லிட்டாரா?”

“நீ மறந்திட்ட எண்டு நினைக்கிறான் மகள்.”

“நான் மறக்கல்ல.” அவள் கையை வெளியே எடுக்கவில்லை. “அண்டைக்குப் புள்ளைக்குக் காய்ச்சல். கிளினிக் மூட முன்னம் போகணும். வாப்பா பள்ளியால இன்னும் வரல்ல. நான் சொல்லிட்டுத்தான் போன.”

“ஆர்கிட்ட?”

நஸ்லின் திரை தொங்கிய அறைப் பக்கம் பார்த்தாள். பிறகு மீன் சட்டியைப் பார்த்தாள்.

ஸுலைஹா இரண்டாம் தரம் கேட்கவில்லை.

“உம்மாக்கிட்டக் கேக்கல்லையா நீ?”

“எப்பிடி ராத்தா கேக்கிற? உம்மா சொல்லியும் வாப்பா கொழுவிரிக்கலாம்தானே. அப்பிடித்தான் இரிக்கும் எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்கன்.”

ஸுலைஹா முகத்தைக் கழுவினாள். பொலிஸில் இருந்த காலத்தில் எத்தனையோ வீடுகளுக்குச் செய்தி கொண்டு போயிருக்கிறாள். கேள்வி கேட்டவருக்கே விடையாக அவரைக் கொண்டு போய் வைத்ததில்லை. சொல்லாமல் விடலாமா என்றும் யோசித்தாள். தப்பப் பார்த்தார், அவ்வளவுதான், என்று சொல்லிவிட்டு எழும்பலாம். ஆனால் வாடியில் ஒருவன் மனைவி மறந்துவிட்டாள் என்று நம்பிக்கொண்டிருந்தான். குசினியில் ஒருத்தி நம்ப முடியாத ஒன்றை நம்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரையை விலக்கினாள்.

ஆசியா உம்மா காலையில் இருந்த இடத்திலேயே இருந்தார். தஸ்பீஹ் மணி மடியில் கிடந்தது.

“அவர் நிக்கல்ல உம்மா,” என்றாள் ஸுலைஹா. “பைக் ஸ்டார்ட் ஆகல்ல. பற்றறி முனையச் சுரண்டிப் பாத்திரிக்கார். உதைச்சிப் பாத்திரிக்கார். அதுக்குப் பிறகு ரெண்டாவது கியர்ல போட்டு, மூண்டு தரம் தள்ளிக்கிட்டு ஓடிரிக்கார். வீட்டுக்கு வரத்தான் பாத்தவர்.”

ஆசியா உம்மா தலையசைத்தார். நிம்மதி வரும் என்று ஸுலைஹா பார்த்துக்கொண்டிருந்த முகத்தில் அது வரவில்லை.

“பல்ப் கொழுவினதால.”

பல்ப் என்ற சொல்லை ஸுலைஹா இன்னும் சொல்லவே இல்லை.

“பள்ளியால வந்தார்,” என்றார் ஆசியா உம்மா. “நான் சோத்தைப் போட்டு மூடி வெச்சிட்டு எழும்பிட்டன். திண்டார். கோப்பையக் கழுவி வெச்சார். ஒரு நாளும் கழுவாத மனுசன். என்னைக் கதைக்க வைக்கப் பாக்கிறார் எண்டு எனக்கு விளங்கிச்சு. வாசல்ல நிண்டு, ‘போயிட்டு வாறன்’ எண்டார். நஸ்லின் சொன்னது என்ட நாக்கு நுனியில இரிந்திச்சு. இப்ப நானா வாயத் திறந்தா, கடா விசியத்தில நான் தோத்த மாதிரி ஆகிரும் எண்டு நினைச்சன். ஒரு பல்ப்தானே. நாளைக்கு மருமகன் மாத்திருவான்தானே எண்டு விட்டுட்டன்.”

வெளியே நஸ்லினின் பிள்ளை எழும்பி அழுதது. நஸ்லின் தூக்கியிருக்க வேண்டும், அழுகை நின்றது.

“அப்ப என்னத்துக்கு உம்மா என்னைக் கூப்பிட்டீங்க?”

“ஊர் சொல்றது சரியா இரிந்தா, நான் சொல்லியிரிந்தாலும் அவர் சாகத்தான் போயிரிப்பார்தானே.” ஆசியா உம்மா தஸ்பீஹைக் கையில் எடுத்தார். உருட்டவில்லை. “அப்பிடி இரிக்கட்டும் எண்டு ஒரு கணம் ஆசைப்பட்டன். என்ட புருசனப் பத்தி. அல்லாஹ் அதையும் பாத்துக்கிட்டுத்தான் இரிந்திரிப்பான்.”

ஸுலைஹா பாயில் நகர்ந்து அவர் பக்கத்தில் இருந்தாள். ஆசியா உம்மாவே கேட்டார்.

“மருமகன் எங்க?”

“வாடியில. நஸ்லின் மறந்திட்டா எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்கான்.”

“நஸ்லின்?”

“உங்ககிட்டக் கேக்கப் பயந்துக்கிட்டு இரிக்கா.”

ஆசியா உம்மா கண்ணை மூடித் திறந்தார். “அவனைக் கூட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க புள்ள. அவங்க ரெண்டு பேருக்கும் நான் சொல்றன். இனி இந்த வீட்டில ஆர்ட கதையையும் ஆரும் காவித் திரிய வேணாம். பள்ளியில மட்டும் நீங்க சொல்ல வெயுங்க. பைக் ஸ்டார்ட் ஆகல்ல எண்டு. அவர் தள்ளினார் எண்டு.”

“ஏன் ஸ்டார்ட் ஆகல்ல எண்டு கேட்டா?”

“கேட்டா, என்ட பேரச் சொல்லுங்க.”

வாடிக்குப் போய் ஸஹீதைக் கூட்டிவந்தது பர்ஹான்.

ஸஹீத் மாலை மக்ரிப் தொழுகைக்குப் பிறகு வீட்டுக்குள் போனான். மருமகன் அந்நிய ஆண் இல்லை என்பதால், ஆசியா உம்மா அவனையும் நஸ்லினையும் அறைக்குள் கூப்பிட்டார். அரை மணி நேரம் திரை மூடியிருந்தது. அவன் அன்றிரவு அங்கேயே தங்கினான்.

மறுநாள், பெப்ரவரி 16, ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் நிர்வாகிகளில் ஒருவர் எழுந்து அறிவித்தார். மர்ஹூம் மீராசாஹிபுவின் மோட்டார் சைக்கிள் அன்று காலை பற்றறி இறங்கி நின்றுவிட்டதென்றும், அவர் அதைத் தள்ளிக்கொண்டு உயிர் தப்ப முயன்றதாக விசாரித்ததில் தெரிய வந்ததென்றும் சொன்னார். அறிவிப்பு ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. காரணத்தை யாரும் கேட்கவில்லை.